சுருங்க மறுக்கும் ஒலி

மாதிரி ரயில் செய்பவர்களின் உலகில் எல்லாவற்றுக்கும் ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 'ஓ' அளவு என்றால் நிஜத்தை 48-ஆல் வகுக்க வேண்டும். உலகெங்கும் பரவலாக இருக்கும் 'எச்.ஓ.' அளவு என்றால் 87-ஆல். 25 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் 29 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். ஆறடி உயர ஸ்டேஷன் மாஸ்டர் 2 சென்டிமீட்டர் ஆள் ஆகிவிடுவார். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் ஏணி, கொதிகலன்மேல் வரிசையாக இருக்கும் ஆணித் தலைகள், தண்டவாளத்தின் துரு நிறம் என்று எதையும் விடமாட்டார்கள். இந்த ஆட்களின் பொறுமையைப் பார்த்தால் நம்மூர்த் தேர்த்தச்சர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இந்த வகுத்தலுக்கு அடங்காத ஒன்று உண்டு. விசில்.

கணக்கு எளிதுதான். நீராவி எஞ்சினின் விசில் என்பது அடிப்படையில் தலைமூடிய ஒரு உலோகக் குடுவை. கீழே வட்டமான ஒரு மெல்லிய இடுக்கு. அதன் வழியாகப் பீறிட்டு வரும் நீராவி குடுவையின் விளிம்பில் மோதி உள்ளே அதிர்கிறது. குடுவையின் நீளம் போல நான்கு மடங்கு அந்த ஒலியின் அலைநீளம். பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வுக் குழாய் என்று படித்தோமே, அதேதான். குடுவை 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சூடான நீராவியில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 300 ஹெர்ட்ஸ் வரும். நெஞ்சுக்குள் இறங்கும் கனமான குரல்.

இப்போது இந்த விசிலை நேர்மையாக 48-ஆல் வகுத்து 'ஓ' எஞ்சினின் முதுகில் வையுங்கள். குடுவையின் நீளம் 8 மில்லிமீட்டர் ஆகும். ஒலி 14,400 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதை ஓட்டும் சிறுவனுக்கு ஒரு மெல்லிய கீச்சாகக் கேட்கலாம். பக்கத்தில் நிற்கும் தாத்தாவுக்கு அநேகமாகக் கேட்காது. 87-ஆல் வகுத்தால் 26,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடுகிறது. வீட்டில் நாய் இருந்தால் அது மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஆக, அளவு பிசகாமல் செய்த விசில் யாருக்கும் கேட்காத விசில். எஞ்சினைச் சுருக்கலாம், ஊரைச் சுருக்கலாம், காதைச் சுருக்க முடியாது. பொம்மை ரயில் கூவ வேண்டுமென்றால் எங்கேயாவது ஏமாற்றித்தான் ஆகவேண்டும். எங்கே ஏமாற்றினார்கள், எப்படி ஏமாற்றினார்கள், அந்த ஏமாற்றுகளின் வழியாக விசிலைப் பற்றி என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

*

முதலில் நிஜ விசிலைப் பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் லெஸ்டர் அண்ட் ஸ்வானிங்டன் என்ற ரயில் பாதை 1832-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். தார்ன்டன் என்ற ஊரில், பாதையைக் கடந்துகொண்டிருந்த ஒரு குதிரை வண்டிமேல் 'சாம்சன்' என்ற எஞ்சின் மோதிவிட்டது. வண்டியில் சந்தைக்குப் போகும் வெண்ணெயும் முட்டையும். ஓட்டுநரிடம் வாயால் ஊதும் ஒரு கொம்பு இருந்தது. ஊதியும் பார்த்தார். வண்டிக்காரருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான், கொதிகலனில் இவ்வளவு நீராவி சும்மா கிடக்கும்போது மனுஷன் ஏன் மூச்சைப் பிடித்து ஊத வேண்டும் என்று யோசித்து, நீராவியால் ஊதும் எக்காளம் ஒன்றைச் செய்து பொருத்தினார்களாம். முட்டை எண்ணிக்கைவரை துல்லியமாகச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளிவைத்தே கேட்க வேண்டும். ஆனால் கதையின் சாரம் சரி. விசில் என்பது எஞ்சின் போடும் சத்தம் அல்ல. பிஸ்டன் சத்தம், சக்கரத்தின் சத்தம், நீராவி சீறும் சத்தம் எல்லாம் இயந்திரம் தானாகப் போடுபவை. விசில் மட்டும் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது. 'நான் வருகிறேன், நீ விலகு.'

அதனால் அதற்கு ஒரு மொழியும் உருவானது. அமெரிக்காவில் லெவல் கிராஸிங்கை நெருங்கும்போது இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். இந்தக் கடைசி நீளத்தை எஞ்சின் சாலையைத் தொடும்வரை இழுக்க வேண்டும். நம்மூரிலும் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளத்தின் ஓரம் மஞ்சள் பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊது என்று ஓட்டுநருக்குச் சொல்லும் பலகை அது.

மொழி வந்தால் உச்சரிப்பும் வந்துவிடுமல்லவா? நீராவி விசில் மின்விளக்கின் சுவிட்சு மாதிரி இல்லை. கயிற்றைக் கொஞ்சம் இழுத்தால் வால்வு கொஞ்சம் திறக்கும், முனகல் வரும். இன்னும் இழுத்தால் குரல் ஏறும். விட்டு விட்டுப் பிடித்தால் அழும். இப்படி வாசிப்பதற்கு அமெரிக்க ரயில்காரர்கள் 'க்வில்லிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில ஓட்டுநர்கள் தங்கள் சொந்த விசிலையே வைத்திருந்தார்கள், எஞ்சின் மாறினால் கழற்றி எடுத்துப் போய் அடுத்த எஞ்சினில் மாட்டிக்கொள்வார்கள்.

கேஸி ஜோன்ஸ் அப்படி ஒருவர். அவருடைய விசில் ஆறு மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டியது. ஆறு சுரம் ஒன்றாகக் கேட்கும். மெல்லத் தொடங்கி, ஏறி, அப்படியே கரைந்துபோகிற மாதிரி அவர் இழுப்பாராம். இரவில் பாதையோரத்து வீடுகளில் படுத்திருப்பவர்கள் சத்தத்தை வைத்தே 'கேஸி போகிறார்' என்று சொல்லிவிடுவார்கள். 1900 ஏப்ரல் 30 அன்று விடியலுக்கு முன் மிஸிஸிப்பி மாநிலத்தின் வான் என்ற ஊரில், பாதையை அடைத்து நின்ற சரக்கு ரயிலின்மேல் அவருடைய ரயில் மோதியது. உதவியாளரைக் குதிக்கச் சொல்லிவிட்டு பிரேக்கை விடாமல் நின்றார். அந்த விபத்தில் இறந்தது அவர் ஒருவர்தான். பிறகு பாட்டாகிவிட்டார். பாட்டில் விசில் இருக்கும், ஆனால் அவருடைய விசில் நிஜத்தில் எப்படிக் கேட்டது என்று யாருக்குத் தெரியும்? பதிவு இல்லை. கை போனது, சத்தமும் கூடவே போய்விட்டது.

*

பொம்மைக்கு வருவோம். ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம், அமெரிக்கக் குழந்தைகளுக்கு மின்சார ரயில் விற்று வளர்ந்தது. பிறகு 1929-இன் பொருளாதார வீழ்ச்சி. வேலையில்லாத அப்பாக்கள் எங்கே ரயில் வாங்குவது? 1934-இல் நிறுவனம் நீதிமன்ற மேற்பார்வைக்குப் போய்விட்டது. அந்த வருஷம் ஒரு டாலருக்கு அவர்கள் விற்ற மிக்கி மவுஸ் கைவண்டி லட்சக்கணக்கில் போய்க் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. மறு வருஷம், 1935-இல், அவர்கள் கடைக்குக் கொண்டுவந்ததுதான் விசில் ஊதும் ரயில்.

என்னை மாதிரி மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இந்த இடம் ஒரு விருந்து. பிரச்சினையைப் பாருங்கள். ரயில் எங்கேயோ வளைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது தண்டவாளம் மட்டும்தான். அந்தத் தண்டவாளத்தில் ஏற்கெனவே எஞ்சினை ஓட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல், குறைக்காமல், அதே கம்பியில் 'ஊது' என்ற ஒரு சொல்லை எப்படி அனுப்புவது? ரேடியோ கிடையாது, டிரான்ஸிஸ்டர் இன்னும் பிறக்கவில்லை, குழந்தை தூக்கிப் போட்டாலும் உடையக்கூடாது.

லயனல் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. அவர்களுடைய ரயில் ஓடுவது ஏ.சி.யில், அதாவது நொடிக்கு 60 சுற்று திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில். பையன் விசில் நெம்புகோலை அழுத்தினால், டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஒரு சிறு திருத்தித் தகடு நடுவில் வந்து நிற்கும். அது மின்சாரத்தை ஒரு திசையில் கொஞ்சம் தடுக்கும். விளைவாக ஏ.சி.யின் முதுகில் துளி டி.சி. ஏறிக்கொண்டு தண்டவாளத்தில் போகும். எஞ்சினின் மோட்டாருக்கு இரண்டும் ஒன்றுதான், அது பாட்டுக்கு ஓடும். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் கரிப்பெட்டியில், அதை டெண்டர் என்பார்கள், ஒரு ரிலே காத்துக்கொண்டிருக்கிறது. வெறும் ஏ.சி.க்கு அது அசையாது. டி.சி.யின் வாசனை பட்டதும் பட்டென்று இழுத்துக்கொள்ளும். உடனே டெண்டருக்குள் இருக்கும் குட்டி மோட்டார் சுழன்று, விசிறி காற்றை இழுத்து, இரண்டு அறைகள் உள்ள ஒரு பெட்டி வழியாக ஊதும். இரண்டு அறை, இரண்டு சுரம்.

விசில் மோட்டாரும் மின்சாரம் குடிக்குமே, ஊதும்போது ரயில் தளர்ந்துவிடாதா? அதையும் யோசித்திருக்கிறார்கள். நெம்புகோலை அழுத்தும்போதே டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சில வோல்ட் சேர்த்துக் கொடுத்துவிடும். ஒரே கம்பியில் சக்தியையும் சொல்லையும் சேர்த்து அனுப்புவது இன்று சாதாரணம். நம் வீட்டு கேமராக்கள் சில அப்படித்தான் இயங்குகின்றன. 1935-இல் அதை ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் வேலைக்காக நியூ ஜெர்சியில் இருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் தன் பேஸ்மென்ட்டில் வைத்திருந்த லயனல் ரயிலை எனக்குக் காட்டினார். கைப்பிடிகளுடன் ஒரு கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று தண்டவாளக் கம்பிகள், சூடேறிய எண்ணெய் வாசனை. விசிலை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். உடனே வரவில்லை. விசிறி வேகம் பிடிக்க அரை நொடி ஆனது. 'ஊ' என்று அடியில் தொடங்கி மேலே ஏறி நின்றது. விட்டதும் சறுக்கி இறங்கியது. நிஜ எஞ்சினின் குரலைவிடச் சன்னம், அதில் சந்தேகமில்லை. கைக்குள் அடங்கும் அறை எவ்வளவுதான் கனமாகப் பேசும்? ஆனால் அந்த ஏற்றமும் இறக்கமும் இருக்கிறதே, அது நிஜ விசிலின் இழுப்புக்கு வியக்கத்தக்க அளவு பக்கத்தில் இருந்தது. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. விசிறிக்கு எடை உண்டு, அதனால் தாமதம். நீராவி வால்வுக்கும் தாமதம் உண்டு. இரண்டு குறைபாடுகள் ஒரே மாதிரி ஒலித்தன. நான் அழுத்தும் விதத்துக்கு ஏற்ப அது மாறியும் ஒலித்தது. குட்டையாகத் தட்டினால் ஒரு கேவல், நீளமாகப் பிடித்தால் ஒரு கூவல். பெரியவர் இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் ஊதிக் காட்டினார். கிராஸிங்கில் இருந்தது தகரத்தில் செய்த ஒரு கார்.

*

போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்கன் ஃபிளையர் என்ற ரயில் நிறுவனத்தை 1938-இல் ஏ.சி.கில்பர்ட் வாங்கினார். எரெக்டர் என்ற கட்டுமானப் பொம்மையைக் கண்டுபிடித்தவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டவரும் அவர்தான். போருக்குப் பிறகு, லயனலின் மூன்று கம்பிப் பாதை பார்க்க நிஜம் மாதிரி இல்லை என்று சொல்லி, இரண்டு கம்பிப் பாதையைக் கொண்டுவந்தார். விசில் விஷயத்தில் அவருடைய ஆட்கள் செய்த ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். எஞ்சினுக்குள் இடம் இல்லையா? விசிலை வெளியே வைத்துவிடு. தண்டவாளத்தின் ஓரம் ஒரு விளம்பரப் பலகை. அதன் பின்னால் ஒளிந்திருக்கும் விசில். ரயில் அந்தப் பக்கமாகப் போகும்போது பொத்தானை அழுத்தினால் ரயில் ஊதுகிற மாதிரியே இருக்கும். இது கூத்துக்காரர்களின் உத்தி. திரைக்குப் பின்னால் ஒருவர் பாட, மேடையில் இன்னொருவர் வாயசைப்பது.

இன்னொரு பக்கம், வெற்றிடக் குழாய் வைத்த பெட்டியில் ஒலி அலையை மின்சாரமாக உண்டாக்கி, தண்டவாளம் வழியாகவே அனுப்பி, டெண்டரில் வைத்த ஒலிபெருக்கியில் கேட்க வைக்கவும் அவர்கள் முயன்றார்கள். விலை அதிகம், நீடிக்கவில்லை. ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் அதில் நடந்துவிட்டது. லயனலின் டெண்டரில் நிஜமாகவே காற்று ஊதிற்று, விளையாட்டு அளவிலாவது அது ஒரு விசில். இங்கே விசிலே இல்லை. விசிலின் ஒலி மட்டும் இருந்தது.

இதற்கிடையில் நிஜ ரயில் மாறிக்கொண்டிருந்தது. நீராவி போய் டீசல் வந்தது. லயனலும் 1948-இல் எஃப்-3 டீசல் எஞ்சினைப் பொம்மையாக்கியது. டீசலுக்கு விசில் கிடையாது, ஹாரன்தான். ஆகவே அதே ரிலேயை வைத்துக்கொண்டு, விசிறிக்குப் பதிலாக ஒரு ஹாரனையும் அதற்கு ஒரு டார்ச் பேட்டரியையும் உள்ளே போட்டார்கள். பேட்டரியை எடுக்க மறந்து பரணில் போட்ட ரயில்களுக்கு என்ன ஆனது என்று பழைய ரயில் சேகரிப்பவர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். பேட்டரி ஒழுகி எஞ்சினின் வயிற்றையே அரித்துவிடும்.

நிஜ டீசல்களிலும் ஹாரன் ஒரு சிக்கலாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில் அவை ஒரே சுரத்தில் 'பாம்' என்று அலறின. காரில் போகிறவர்கள் லாரி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். லாரிக்கு யார் வழிவிடுவார்கள்? கிராஸிங்கில் போய் மோதினார்கள். கனடாவில் ராபர்ட் ஸ்வான்ஸன் என்பவர் இதை எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரம் வெட்டும் காடுகளோடு பழகிய பொறியாளர், அந்தக் காட்டு மனிதர்களைப் பற்றிக் கவிதைகள் எழுதியவர், நீராவி விசில்களின் பித்தர். 1949 வாக்கில் அவர் பல சுரங்களை ஒரே நேரத்தில் ஊதும் காற்று ஹாரனைச் செய்தார். நீராவி விசிலின் கூட்டுச் சுரத்தை டீசலின் வாயில் வைத்தார். கேட்டவர்களுக்கு உடனே 'ரயில்' என்று புரிந்தது. இன்று வட அமெரிக்காவில் இரவில் தூரத்தில் கேட்கும் அந்த ஏக்கமான ரயில் ஒலி அவருடைய வழிவந்ததுதான்.

கவனியுங்கள், இங்கே நிஜ ரயிலே பழைய ரயிலைப் போலி செய்கிறது. டீசலுக்கு அந்தச் சுரங்கள் இயல்பானவை அல்ல. மக்களின் காதில் ரயில் என்றால் இப்படித்தான் என்று நூறு வருஷமாகப் பதிந்திருந்தது. உயிர் பிழைக்க அந்த நினைவை நம்பியாக வேண்டியிருந்தது. பொம்மைக்காரர்கள் செய்தது குழந்தைகளைச் சந்தோஷப்படுத்த, ஸ்வான்ஸன் செய்தது சாவைத் தடுக்க. வேலை ஒன்றுதான்.

*

அமெரிக்காவின் பெரிய ரயில் நிறுவனங்களில் நீராவியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். அதுவும் 1960-இல் விட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஐந்து வருஷங்கள் ஓ.வின்ஸ்டன் லிங்க் என்ற விளம்பரப் புகைப்படக்காரர் தன் சொந்தச் செலவில் அந்தப் பாதை நெடுக அலைந்தார். இரவில் டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகளைக் கட்டி அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று உலகப் புகழ். அவ்வளவு பேசப்படாத விஷயம், அவர் ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்துகொண்டு போனார் என்பது. 1957 கிறிஸ்துமஸ் முந்தைய இரவு வர்ஜீனியாவின் ரூரல் ரிட்ரீட் என்ற சிற்றூரில், தேவாலய மணியிசைக்கு நடுவே ஒரு நீராவி ரயில் வந்து நின்று கிளம்பிப் போகும் ஒலியைப் பதிவு செய்தார். இசைத்தட்டுகளாகவும் வெளியிட்டார். கேஸி ஜோன்ஸுக்குக் கிடைக்காதது அந்த ஓட்டுநர்களுக்குக் கிடைத்தது.

பொம்மைக்கு அந்தப் பதிவுகள் உடனே பயன்படவில்லை. இசைத்தட்டை எச்.ஓ. எஞ்சினுக்குள் எங்கே வைப்பது? 1970-களில் பசிஃபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற நிறுவனம், ஜப்பானில் கையால் செய்த பித்தளை எஞ்சின்களை இறக்குமதி செய்தவர்கள், ஒரு ஒலிப்பெட்டி கொண்டுவந்தார்கள். விசிலை மின்னணுச் சுற்றுகளால் உருவாக்கி, தண்டவாளம் வழியாக எஞ்சினுக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கிக்கு அனுப்பினார்கள். பணக்காரர்களின் விளையாட்டாகவே இருந்தது. கதை மாறியது 1980-களின் இறுதியில், நினைவக சில்லுகள் மலிவானபோது. நிஜ விசிலைப் பதிவு செய்து, எண்களாக்கி, சில்லில் எழுதி, எஞ்சினுக்குள்ளேயே வைத்துவிடலாம்.

1994-இல் அமெரிக்க மாதிரி ரயில்காரர்களின் தேசியச் சங்கம், லயனல் விசில் வந்த அதே 1935-இல் தோன்றியது, டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டளை முறையை ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தின் வேலையை அடிப்படையாகக் கொண்டது. தண்டவாளத்தின் மின்சாரமே இப்போது பிட்டுகளாகப் பேசும். ஒவ்வொரு அரைத்துடிப்பும் 58 மைக்ரோ நொடி என்றால் ஒன்று, 100 மைக்ரோ நொடி என்றால் பூஜ்யம். '611-ஆம் எண் எஞ்சினே, இரண்டாம் பொத்தான்' என்று ஒரு வரி போகும். அமெரிக்க வழக்கத்தில் இரண்டாம் பொத்தான்தான் விசில். 1935-இன் துளி டி.சி. சொன்ன அதே ஒற்றைச் சொல்.

இனி எல்லாம் துல்லியமாகிவிட்டது என்றுதானே தோன்றும்? இரண்டு சிக்கல்கள் இருந்தன.

ஒன்று, எதைப் பதிவு செய்வது? நூற்றுக்கணக்கான எஞ்சின் வகைகள் உடைத்துப் பழைய இரும்பாகிவிட்டன. விசில் மட்டும் அருங்காட்சியகத்தில் இருக்கும், அல்லது யாரோ ஒரு சேகரிப்பாளரின் அலமாரியில். அழுத்தக் காற்றை வைத்து ஊதிப் பதிவு செய்யலாமே என்றால், அங்கே இயற்பியல் மறுபடி குறுக்கே வரும். நீராவியில் நொடிக்கு 480 மீட்டர் போன ஒலி, சாதாரணக் காற்றில் 343 மீட்டர்தான் போகும். அதே குடுவை, அதே நீளம், ஆனால் சுரம் ஏறக்குறைய அரை ஸ்தாயி இறங்கிவிடும். நீராவியில் மேல் ஸட்ஜத்தில் நின்ற விசில் காற்றில் பிரதி மத்தியமத்துக்குப் போய்விடுகிறது. பொருள் பத்திரமாக இருக்கிறது, குரல் அதில் இல்லை. ஆகவே இன்னும் நீராவி ஏற்றி ஓட்டும் எஞ்சின்களின் முன்னால்தான் மைக்கைக் கொண்டுபோய் நிற்க வேண்டும். அவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இரண்டாவது சிக்கல் எங்கள் துறையைச் சேர்ந்தது. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவார்கள் என்று சில்லுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் பதிவை மூன்றாக வெட்டுவார்கள். தொடக்கம், நடு, முடிவு. அழுத்தினால் தொடக்கம். பிடித்துக்கொண்டிருக்கும்வரை நடுப்பகுதி திரும்பத் திரும்பச் சுற்றும். விட்டால் முடிவு. நிரல் எழுதுகிற யாரும் பத்து வரியில் எழுதிவிடுவார்கள். காதில் கேட்டால் முதல் தடவை மயிர்க்கூச்செறியும், நிஜ எஞ்சின்! பத்தாவது தடவை ஏதோ குறைகிறது என்று தோன்றும். ஐம்பதாவது தடவை விளங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே கூவல். கயிற்றைப் பிடித்த ஒரு ஓட்டுநர் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு மனநிலையில் இழுத்த ஒரு இழுப்பு சில்லில் உறைந்து கிடக்கிறது. அழுத்துபவருக்கு அதில் பங்கு இல்லை. லயனலின் தகரப் பெட்டி சன்னமாகவும் பொய்யாகவும் ஊதியது, ஆனால் பையனின் விரலுக்குப் பதில் சொன்னது. சில்லு நிஜமாக ஊதியது, விரலைக் கேட்கவில்லை.

*

இந்த இடத்தில் எதிர்பாராத ஒருவர் உள்ளே வருகிறார். ராக் பாடகர் நீல் யங். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். பேச்சு இல்லை, கை கால்களைத் தன்னிச்சைப்படி அசைக்க முடியாது. கலிஃபோர்னியாவில் தன் பண்ணையில் அப்பா ஒரு பெரிய லயனல் ரயில் பாதை அமைத்தார். மகன் பக்கத்தில் இருந்து பார்ப்பான். ஆனால் பார்ப்பது மட்டும் எத்தனை நாளைக்கு? மெல்லிய நெம்புகோலை அந்த விரல்களால் பிடிக்க முடியாது. அப்பா யோசித்து, தலையை அசைத்து அழுத்தக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றையும், கம்பியில்லாமல் ரயிலை இயக்கும் வழியையும் உருவாக்கத் தொடங்கினார். அது அங்கேயே நிற்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் லயனலின் அப்போதைய உரிமையாளரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் அமைத்தார். டிரெயின்மாஸ்டர் என்ற கட்டளை முறையும், ரெயில்சவுண்ட்ஸ் என்ற டிஜிட்டல் ஒலியின் மேம்பட்ட வடிவங்களும் அதன்வழி வந்தன. மாதிரி ரயில் கட்டுப்பாட்டுக் காப்புரிமைகளில் கண்டுபிடிப்பாளராக அவர் பெயரைப் பார்க்கலாம். 1995-இல் லயனலை வாங்கிய குழுவிலும் அவர் இருந்தார்.

பிரபலத்தின் பொழுதுபோக்கு என்று இதைப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எனக்கு இதில் தெரிவது வேறு. பேச முடியாத ஒரு பையன். அவன் எங்கோ ஓடும் எஞ்சினுக்கு ஒரு சொல் அனுப்ப வேண்டும். அதுவும் அவன் நினைத்த நேரத்தில், அவன் நினைத்த அளவுக்கு. 1833-இன் தார்ன்டன் கிராஸிங்கில் தொடங்கிய அதே பிரச்சினை. இங்கே இருக்கிறேன் என்று ஒருவர் இன்னொருவருக்குக் கேட்கும்படி சொல்வது எப்படி?

2000-களின் பிற்பகுதியில் வந்த லயனலின் அடுத்த தலைமுறைக் கட்டுப்பாட்டுக் கருவியில் விசிலுக்கென்று ஒரு நகர்த்தி வைத்தார்கள். கொஞ்சம் இழுத்தால் முனகும், முழுக்க இழுத்தால் அலறும், இடையில் ஆட்டினால் குரல் வளையும். உள்ளே ஒரே எஞ்சினின் பல இழுப்புகளின் பதிவுகள் இருக்கின்றன. விரல் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப மென்பொருள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. மற்ற நிறுவனங்களும் 'வாசிக்கக்கூடிய விசில்' என்று இதே பாதையில் வந்துவிட்டன. வேடிக்கையைப் பாருங்கள். நிஜ விசிலை அச்சு அசலாகப் பிடித்துவிட்ட பிறகு, இத்தனை கணிப்புத் திறனையும் செலவழித்து அவர்கள் திரும்பப் பெற்றது, ஒரு தகர விசிறி சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததைத்தான்.

ஒலியைப் பாதுகாப்பது என்றால் நாம் பெரும்பாலும் பதிவைத்தான் நினைக்கிறோம். பதிவு வேண்டும், மறுக்கவில்லை. லிங்க் சுமந்துகொண்டு போன அந்தக் கருவி இல்லையென்றால் ஒரு காலமே ஊமையாகிப் போயிருக்கும். ஆனால் விசில் விஷயத்தில் பதிவு பாதிதான். மீதிப் பாதி, அதை ஊத ஒருவருக்கு இடம் கொடுப்பது. கோயிலில் நாதஸ்வரக்காரருக்குப் பதில் ஸ்பீக்கர் வைத்துவிட்ட ஊர்களில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரயில் பெட்டி விளையாட்டு ஆடும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடுவார்கள். பெட்டியாக இருப்பவர்களுக்குச் சத்தம் கிடையாது. முன்னால் ஓடுகிறவன் மட்டும்தான் 'கூ' என்று இழுப்பான். எஞ்சினாக இருக்க ஏன் அவ்வளவு சண்டை வருகிறது என்று கேட்டால், முன்னால் ஓடலாம் என்பதைவிட, கூவலாம் என்பதுதான் காரணமாக இருக்கும்.